புளியங்கொட்டை மழை

சினிமாப் படத்தைக் காட்டிப் பணம் பண்ணியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காட்டாமலேயே பணம் பண்ணியவர்கள் ஓரிருவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் படத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது ஒருவர் காதிலும் விழாதபடி பார்த்துக்கொண்டு, அதற்காகவே கொட்டகை நிரம்ப வைத்த மனிதர் ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவர்தான். அவர் தகர அண்ணாச்சி.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். நான் கேட்டுக்கொண்டதில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் தகரக் கூரை போட்ட டாக்கிக் கொட்டகை வைத்திருந்தார். அதனால் தகர அண்ணாச்சி. படங்கள் பேச ஆரம்பித்துச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். நான் மதுரையில் ஒரு பட விநியோகக் கம்பெனியின் பிரதிநிதி. பிரதிநிதி என்றதும் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். படச்சுருள் வைத்த பெட்டியோடு ரயிலில் போய், அது எந்தக் கொட்டகையில் ஓடுகிறதோ அங்கேயே குடியிருந்து, எத்தனை டிக்கெட் கிழிகிறது என்று பார்த்துக் காவல் காப்பது. ஊரார் எங்களைப் பெட்டிக்காரன் என்பார்கள். வாசலில் கட்டிய நாய்க்கும் எங்களுக்கும் ஒரே வித்தியாசம், நாய்க்குப் பயணப்படி கிடையாது.

ஆனி மாதம், நல்ல சாரல் சமயத்தில், தென்காசி ஸ்டேஷனில் இறங்கிப் பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணாச்சியின் கொட்டகைக்குப் போனேன். எஞ்சின் அறைக்குள் காலை வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. கயிறு பூராவும் வேட்டி. கரைவேட்டி, எட்டுமுழம், துண்டு, கோவணம் உட்பட எல்லாம் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. நடுவில், படம் ஓட்டக் கரண்டு கொடுக்கிற ஆயில் எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியது.

விஷயம் இதுதான். சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்தவன் துணி சாமானியத்தில் காயாது. அண்ணாச்சி ஆளுக்கு இரண்டு பைசா வாங்கிக்கொண்டு எஞ்சின் சூட்டில் காயப் போட்டுக் கொடுப்பார். எஞ்சினை வெறுமனே ஓட்டினால் எண்ணெய்க்குக் கேடு. அதனால் பகலில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் படத்தையும் ஓட்டுவார். வேட்டி காயும்வரை இடுப்புத் துண்டோடு எங்கே போய் நிற்பது என்று ஜனங்கள் முக்கால் அணா கொடுத்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நான் சாக்குப் படுதாவை விலக்கிப் பார்த்தேன். பெஞ்சு முழுக்க வெறும் உடம்பும் ஈரத் தலையுமாக மனிதர்கள். அதில் தென்காசி வக்கீல் ஒருவரும் இருந்தார். திரையில் ஏதோ பழைய படம் ஓடியது. ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை, அத்தனை பேரும் எஞ்சின் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கம்பெனி விசுவாசி. நாளை முதல் வேட்டி காய்கிற வருமானமும் எங்கள் படத்தால் வருவதுதான், அதிலும் எங்களுக்குப் பங்கு உண்டு என்று அன்றைக்கே சண்டையை ஆரம்பித்தேன். அண்ணாச்சி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"பங்கு வேணும்னா உங்க மொதலாளிய வரச் சொல்லும் வே. நாலு வேட்டிய பிழிஞ்சு போடட்டும், குடுத்துருவோம்" என்றார்.

அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பேன். பெட்டி கனம்.

நான் கொண்டுபோன படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், எடுத்தவருடைய பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள். ஒரு ராஜா, அவன் ராணி காணாமல் போய்விடுகிறாள். ராஜா காட்டில் ஒவ்வொரு மரத்திடமும் போய்த் தனித்தனியாக ஒரு பாட்டுப் பாடி, என் தேவியைக் கண்டாயோ என்று விசாரிப்பான். பெரிய காடு. மதுரையில் ஏழாவது மரத்தருகில் ராஜா போனபோது ஜனங்கள் நாற்காலியை உடைத்தார்கள். திருநெல்வேலியில் அதுவரைகூடப் பொறுக்கவில்லை. போன இடமெல்லாம் படம் படுத்தது.

அண்ணாச்சியோ அது வெளிவருமுன்பே குற்றால சீசனுக்கென்று மினிமம் காரண்டி பேசி எடுத்திருந்தார். அதாவது படம் ஓடினாலும் படுத்தாலும் எங்களுக்கு இவ்வளவு ரூபாய் தந்தே ஆகவேண்டும். அதற்கு மேல் வசூலானால் ஆளுக்குப் பாதி. பாதிப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டார். அதற்கு அவர் அடகு வைத்தது வடகரையில் இருந்த தென்னந்தோப்பை. அது அவர் சொத்தும் இல்லை, மனைவியின் சீதனம். சீசன் முடிவதற்குள் எங்கள் மிச்சப் பணத்தையும் தென்காசி வட்டிக்கடைப் பணத்தையும் கட்டாவிட்டால் தோப்பு கைவிட்டுப் போகும்.

அந்த அம்மாளை நான் மதினி என்று கூப்பிடுவேன். கொட்டகை வாசலில் முறுக்கு விற்பார்கள். படத்தோடு கம்பெனி அனுப்பிய பாட்டுப் புஸ்தகங்களை ஓரணா கொடுத்து வாங்க நாதியில்லாததால், அதன் தாளைக் கிழித்துத்தான் முறுக்கு மடித்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் என்னிடம், "கொட்டகை நின்னாலும் விழுந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. தோப்பு போச்சுன்னா எங்க அப்பா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்" என்றார்கள். சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு முறுக்கை எண்ணினார்கள்.

அண்ணாச்சிக்கோ கவலையே கிடையாது. தினமும் காலையில் எழுந்து மலையைப் பார்ப்பார். மேகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்து அன்றைய வசூலைச் சொல்வார். அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தால் ஜனம் குளித்துக்கொண்டே இருக்கும், கொட்டகைக்கு வராது. தண்ணீரே இல்லாவிட்டால் ஊருக்கே வராது. வெள்ளம் வந்து போலீஸ்காரன் குளிக்க விடாமல் விரட்டினால்தான் நமக்கு நல்ல காலம் என்பார். படம் நன்றாக இருக்க வேண்டாமா என்று கேட்டேன். படத்தைப் பார்க்கவா ஜனம் படத்துக்கு வருகிறது என்று என்னைத் திருப்பிக் கேட்டார். பட வியாபாரத்தில் இருக்கிற ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

சாரல் மட்டும் தூறி, பெருமழை பிடிக்காத முதல் சில நாட்கள் ராத்திரி ஆட்டத்துக்கு வந்தவர்கள் மூன்றாவது மரத்தில் கொட்டாவி விட்டு ஐந்தாவது மரத்தில் எழுந்து போனார்கள். பிறகு ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் மழை பிடித்தது. தகரக் கூரையில் குற்றாலத்து மழை விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, பக்கத்தில் இருப்பவன் தும்மினால்கூடக் கேட்காது. திரையில் ராஜா வாயை வாயைத் திறந்து மூடினான். கூட்டம் காலால் தரையைத் தட்ட ஆரம்பித்தது.

அண்ணாச்சி, ஊருக்குள் வண்டியில் விளம்பரம் சொல்லப் போகும்போது எடுத்துப் போகிற தகரக் குழாயைக் கையில் எடுத்தார். நேரே திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஊமைப்பட காலத்தில் இப்படி நின்று கதை சொன்ன மனிதர் அவர். ஆனால் அது வேறு. இந்தப் படத்தின் வசனம் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது, ஆட்டம் தொடங்கியதும் தூங்கிவிடுகிறவர். அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

ராஜா ஒரு பலாமரத்தின் முன்னால் கையேந்தி நின்றான். "ஏ பலாமரமே, எம் பொண்டாட்டி இந்தப் பக்கமா வந்தாளா?" என்று ராஜாவாகக் கேட்டார் அண்ணாச்சி. உடனே குரலைக் கட்டையாக்கிக்கொண்டு மரமாகவும் பதில் சொன்னார். "வந்தா வே. ரெண்டு சொளை கேட்டா, குடுத்தேன். ஒம்ம பாட்டக் கேக்குததுக்கு இந்தக் காட்டுல புலியோட இருந்துரலாம்னு சொல்லிட்டுப் போனா."

கொட்டகை அதிர்ந்தது. மழைச் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். மந்திரி ராஜாவின் காதோரம் குனிந்தால், மகராசா, சந்தையில் கத்திரிக்காய் விலை ஏறிப்போச்சு என்றார். முனிவர் கமண்டலத்தைத் தூக்கிச் சாபம் கொடுத்தால், அசலைக் கேட்கவில்லை, வட்டியையாவது கொடுலே என்று அதட்டினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படத்தைக் கேவலப்படுத்தினால் பெட்டியை உடனே எடுத்துக்கொள்ளலாம், முன்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அன்று இரவே முதலாளிக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். காசு வருகிறதா, வந்தால் வாயை மூடு என்று பதில் வந்தது. மூடினேன்.

மறுநாளிலிருந்து கீழப்பாவூர், வீரகேரளம்புதூர் என்று எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் டிக்கெட் கொடுக்கும் துவாரத்தில் தலையை நுழைத்து முதலில் கேட்ட கேள்வி, இன்றைக்கு மழை உண்டா என்பதுதான். மழை இல்லாவிட்டால் டிக்கெட் வேண்டாம் என்று திரும்பினார்கள். மழை இல்லாமலும் கத்தலாமே என்று நானே வெட்கத்தை விட்டு அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ராஜா பேசுவது நன்றாகக் காதில் விழும்போது குறுக்கே பேசுவது மரியாதையா என்றார். மரியாதை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதில் அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது, எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை.

இதற்கு அவர் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் நீங்களும் வாயைப் பிளப்பீர்கள். இரண்டு ஆட்களைக் கூரை மேல் ஏற்றினார். ஆளுக்கொரு மூட்டை புளியங்கொட்டை. ராஜா காட்டுக்குள் நுழைந்ததும் கீழேயிருந்து, "ஏலே, பெய்யுங்கலே" என்று குரல் கொடுப்பார். மேலே அவர்கள் முறத்தால் அள்ளி அள்ளி வீசுவார்கள். அது தகரத்தில் தடதடவென்று விழுந்து உருண்டு ஓடும் சத்தம் இருக்கிறதே, வருண பகவானே ஏமாந்து போவார். வெளியே நிலா காயும். உள்ளே ஜனங்கள் மழை வந்துவிட்டது என்று கைதட்டுவார்கள். அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வாசலில் காலில் இடறுவதெல்லாம் புளியங்கொட்டை. தெரிந்துதான் கைதட்டினார்கள்.

செலவுக் கணக்கில் படமெஷின் விளக்குக்குக் கார்பன் குச்சி, எஞ்சின் எண்ணெய், நோட்டீஸ், புளியங்கொட்டை என்று எழுதியிருந்ததைப் பார்த்து நான் கத்தினேன். படம் ஓட எது தேவையோ அது செலவுதானே வே என்றார். கையெழுத்துப் போட்டேன்.

ஆடி பிறந்தபோது எங்கள் கம்பெனிக்கு மதுரையைவிடக் குற்றாலத்தில் அதிக வசூல். இந்தச் செய்தி படத்தை எடுத்தவர் காதுக்கு எட்டியிருக்கிறது. இருந்த அரிசி மில்லையும் வீட்டையும் இந்தப் படத்தில் விட்டவர் அவர். ஒரு தந்தி வந்தது, நாளை நேரில் வருகிறேன் என்று. படத்தைப் பெற்றவரே வந்து இந்தக் கூத்தைப் பார்த்தால் பெட்டியை அந்த நிமிஷமே எடுத்துவிடுவார். இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஓடினால்தான் அண்ணாச்சி எங்கள் பாக்கியைக் கட்டித் தோப்பை மீட்க முடியும்.

படத்தை எடுத்தவர் ரயிலில் மூன்றாம் வகுப்பிலிருந்து இறங்கினார். பழைய சில்க் ஜிப்பா, சவரம் செய்யாத முகம். கொட்டகைக்கு வந்ததும் முறுக்கு மடித்த தாளை எடுத்து விரித்து, தன் படத்துப் பாட்டை ஒரு வரி வாசித்தார். மறுபடி மடித்து வைத்துவிட்டார். பிறகு அண்ணாச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எல்லா ஊரிலும் என் படத்தை நாயைப் போல விரட்டினாங்க. இந்த ஊர் ஜனங்களுக்கு மட்டும் எந்த இடம் அய்யா பிடிச்சுது? தெரிஞ்சா அடுத்த படத்தை அப்படியே எடுத்துடுவேன்" என்றார்.

அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு, காடு வருகிற இடம் என்று மட்டும் சொன்னார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டுக்காகத்தான் வீட்டை விற்றாராம்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலமே எள் போட்டால் எள் விழாத கூட்டம். அண்ணாச்சி கூரையிலிருந்த இரண்டு ஆட்களையும் கீழே இறக்கிவிட்டார். இன்றைக்கு மழையும் கிடையாது, பேச்சும் கிடையாது என்றார். நான் பதறிப்போனேன். கூட்டம் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிடும், வசூல் போகும், தோப்பு போகும் என்று மதினி எதிரிலேயே சொன்னேன்.

"போகட்டும். பெத்தவன் கண்ணு முன்னால புள்ளயக் கேலி பண்ண என்னால ஆகாது வே" என்றார் அண்ணாச்சி. மதினி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆட்டம் ஆரம்பித்தது. படத்தை எடுத்தவர் முன்வரிசை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜா காட்டுக்குள் போனான். மழை, மழை என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது. பெஞ்சிலிருந்து இன்னொன்று. அவர் புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, யாரும் ஏற்பாடு செய்யாத நிஜ மழை அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது. கொட்டகையே எழுந்து நின்று கைதட்டியது. "அண்ணாச்சி, சொல்லும்" என்று ஒரே கூப்பாடு.

அண்ணாச்சி குழாயைக் கவிழ்த்து வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. கூச்சல் ஏறியது. காசைக் கொடு என்றார்கள். அவர் எழுந்து போய் டிக்கெட் அறைக் கதவைத் திறந்து, கேட்டவர்களுக்கெல்லாம் காசைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். அள்ளி அள்ளிக் கொடுத்தார். கொட்டகைக்காரன் ஒருவன் கையால் காசு வெளியே போவதை நான் என் சர்வீஸில் அன்றுதான் பார்த்தேன். மதினி முறுக்குக் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

படத்தை எடுத்தவர் வெளியே வந்து, கீழப்பாவூர்க்காரர் ஒருவரிடம் என்ன விஷயம் என்று கேட்டார். கேட்பது யார் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. அண்ணாச்சி சொன்னால்தான் இது படம், இல்லாவிட்டால் வெறும் காடு என்று ஆரம்பித்து, பலாமரம், மந்திரி, சாபம், புளியங்கொட்டை எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டார். நான் நடுவில் புகுந்து தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. கேட்கக் கேட்க, படத்தை எடுத்தவர் முகம் செத்துப்போயிற்று. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். கீழே கிடந்த தகரக் குழாயை எடுத்தார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, ராஜா பேச வேண்டிய வசனத்தைத் தானே கத்த ஆரம்பித்தார். அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். "விருட்ச சிரேஷ்டனே, என் பிராணநாயகியைக் கண்டனையோ" என்று தொண்டை கிழியக் கேட்டார். கொட்டகை திகைத்துப்போய் அமைதியாயிற்று. யார் இந்தப் பைத்தியம் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் மறுபடியும் கேட்டார், குரல் உடைந்துபோயிருந்தது. கண்டனையோ, கண்டனையோ.

டிக்கெட் அறையிலிருந்து, காசை எண்ணிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஓடிவந்தார். கொட்டகைக் கடைசியில் நின்றபடியே கைகளை வாயில் குவித்து, மழைக்கு மேலே எழும்பிய கட்டைக் குரலில், "கண்டேன் வே. அழாதீரும். எங்கயும் போகல, இந்தா வந்துருவா" என்றார்.

குழாயோடு முன்னால் நின்ற மனிதர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அதன்பின் அடுத்த மரத்தை அவர் கேட்டார், இவர் பதில் சொன்னார். மந்திரியாக அவர் குனிந்தார், ராஜாவாக இவர் கத்திரிக்காயை விசாரித்தார். காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாசலில் நின்றவர்கள் எல்லாரும் ஓசியிலேயே உள்ளே வந்துவிட்டார்கள். அத்தனை மரமும் முடிந்து ராணி கிடைத்தபோது ஜனங்கள் நிஜமாகவே அழுதார்கள். நானும்தான். எனக்கே அது இன்னும் நம்ப முடியாத விஷயம்.

ஆட்டம் விட்டபின் கணக்குப் பார்த்தால் சீசனிலேயே பெரிய கூட்டம் வந்த அன்றைக்குக் கல்லாவில் பாதிப் பணம்கூட இல்லை. அண்ணாச்சியோ கொட்டகை நிறைந்த கணக்குக்கே பங்கைப் போடச் சொன்னார். திருப்பிக் கொடுத்த காசுக்குப் பங்கு கிடையாது என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கம்பெனிக்கு விரோதமாக நான் சட்டம் பேசினேன். அவர் கேட்கவில்லை. கம்பெனி பங்கிலிருந்துதானே படத்தை எடுத்தவருக்குப் போகிறது, அவரும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார் இல்லையா என்றார். குறைந்த பணத்தை மதினி முறுக்குக் கூடையிலிருந்து எடுத்து வைத்தார்கள்.

படத்தை எடுத்தவர் பெட்டியை எடுக்கவில்லை. சீசன் முடிகிற வரை அங்கேயே தங்கி, தினமும் ராஜாவாக நின்றார். தோப்பு மீண்டது. அவருக்கு விற்ற வீடு திரும்பவில்லை. ஒரு கொட்டகை வசூலில் அதெல்லாம் ஆகிற காரியமா? ரயில் ஏறும்போது, அடுத்த படத்தில் உங்களைத்தான் மரமாகப் போடுவேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னார். அடுத்த படமே எடுக்காமல் அரிசி மில்லை மீட்கிற வழியைப் பாரும் என்று அண்ணாச்சி சொன்னார். இருவரும் வெகுநேரம் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு நூறு நாள் ஓடிய படங்களின் பெட்டிக்கெல்லாம் காவல் இருந்தேன். கொட்டகைக்காரர்கள் எல்லாரும் ஒழுங்காகக் கணக்குக் காட்டினார்கள். ஒருவரோடும் நான் சண்டை போட நேரவில்லை, ஒருவர் முகமும் இப்போது நினைவில் இல்லை. அண்ணாச்சி காலமான செய்தி வந்த அன்று மட்டும் வேலைக்குப் போகாமல், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.